நீ தேடிக்கொண்டிருக்கும் ஆன்டெனா

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு வருவதாக நேற்று போனில் சொன்னாய். உன் அம்மா உடனே நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைத்துவிட்டாள். நீ எங்களைப் பார்க்க வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போன மாதம் உங்கள் வயர்லெஸ் பேச்சில் குறுக்கே வந்து தொல்லை கொடுத்த ஆளைப் பிடிக்க வருகிறாய். சிக்னல் வரும் திசையைக் காட்டும், மீன்முள் போன்ற அந்த யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நம் தெருவில் ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்க்கப் போகிறாய். வெயிலில் வீணாக அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். அந்த ஆள் நான்தான். நீ தேடும் ஆன்டெனா நம் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிவிசி பைப்பின் தலையில் நிற்கிறது. நானே கட்டியது.

காரணம் கேட்பாய். பொறாமை. இதைவிட மரியாதையான பெயர் ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். வயசு என்று சொல்லலாம், ரிட்டயர்டு ஆனவனின் வேலையற்ற மூளை என்று சொல்லலாம், உன் அம்மா சொல்வதுபோல் கொழுப்பு என்றும் சொல்லலாம். எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பொறாமைதான். உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. ஆனேக்கல்லில் அவருக்கு இருக்கும் சொந்த வீட்டுக்காக இல்லை, டெலிபோன் இலாகா பென்ஷனுக்காகவும் இல்லை. நீ அவரை ‘அப்பாஜி’ என்று முதல் தடவை கூப்பிட்டபோது காபி எனக்குத் தொண்டையில் நின்றது நிஜம். அது அந்தப் பக்கத்து வழக்கம் என்று உன் மனைவி காவ்யா சொன்ன பிறகு அதையும் விழுங்கிக்கொண்டேன். விழுங்க முடியாதது ஒன்றுதான். உனக்கு ஏதாவது ஒன்று என்றால் அது முதலில் அவருக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிவதே இல்லை.

சம்பந்தம் பேசப் போன அன்றே இது ஆரம்பித்துவிட்டது. பொம்மசந்திரா கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண், கன்னடக்காரர்கள், நல்ல குடும்பம் என்று நீ சொல்லி, உன் அம்மாவும் நானும் பழத்தட்டோடு அங்கே போனோம். போய்ப் பார்த்தால் அவர் முப்பது வருஷமாக ஹாம் ரேடியோக்காரர். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, போன் கம்பெனி தயவு இல்லாமல், வீட்டிலிருந்தே காற்றில் ஊர் ஊராகப் பேசுகிறவர். நீயும் காலேஜில் அதே லைசென்ஸ் எடுத்தவன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. பெண்ணை மறந்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனவர்கள், வெற்றிலை மாற்றக் கூப்பிட்டபோதுதான் இறங்கி வந்தீர்கள். நீ காலேஜில் படித்தபோது நம் மாடியில் ஒரு கம்பம் நட வேண்டும் என்று கேட்டாய். இடி விழும், பக்கத்து வீட்டுக்காரன் செல்போன் டவர் என்று பெட்டிஷன் போடுவான், இதில் என்ன சோறா வரப்போகிறது என்று நான் மறுத்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றைக்கு நீ சண்டை போட்டிருக்கலாம். பிள்ளை சத்தம் போடாமல் நகர்ந்துவிட்டால், சொன்னதைக் கேட்டுக்கொண்டான் என்றுதான் தகப்பன் நினைப்பான். வேறு மாடி தேடிப் போகிறான் என்று நினைக்க மாட்டான். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஆனேக்கல்லுக்கு எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அத்திப்பள்ளியில் உங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு ஆன்டெனா வேண்டும் என்று அன்றைக்கு நீயும் அவரும் மாடியில் உட்கார்ந்து கட்டினீர்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் அளவு டேப்பின் ஒரு முனையைக் கொடுத்தீர்கள். பிரஸ் ஷாப்பில் ஆயுள் முழுக்கத் தகடு வளைத்தவனுக்கு டேப்பின் முனை. நீங்கள் செய்த வேலையோ ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சதுரமான ஒரு சாக்கெட், நான்கு மூலையிலும் ஓட்டை. நடு ஊசியில் ஒரு கம்பியைச் செங்குத்தாகப் பற்ற வைத்தீர்கள். நான்கு மூலையிலும் நான்கு கம்பிகளை முடுக்கி, குடைக்கம்பி போலக் கீழ்நோக்கிச் சாய்த்தீர்கள். மேலே நிற்கும் கம்பிதான் பேசும், கீழே இருக்கும் நாலும் அதற்குத் தரையாக இருக்கும், இதற்குப் பேர் கிரவுண்ட் பிளேன் என்று அவர் விளக்கினார். விளக்கியது உனக்கு. நீ கம்பியை வளைக்க, அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்றார். நம் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தபோது ஒரு நாள்கூட மாடியேறி வால்வை மூடாத பிள்ளை, அங்கே சட்டை முதுகோடு ஒட்டிப்போகும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தாய். அன்று அவர்கள் வீட்டு ஒப்பட்டு, நம் போளிதான், எனக்கு ருசிக்கவே இல்லை.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன், நானும் ஒன்று கட்டுவது என்று. நீ விட்டுவிட்டுப் போன பழைய வயர்லெஸ் கைச்செட்டு பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் சாக்கெட்டும் கேபிளும் வாங்கி வந்தேன். கம்பிக்குக் காசு செலவழிப்பானேன் என்று துணி காயப்போடுகிற அலுமினியக் கம்பியை வெட்டினேன். அதில் ஈயம் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக உருண்டு காலில் விழுந்தது. கம்பி போனதற்கு உன் அம்மாவிடம் வாங்கிய பேச்சு தனி. பிறகு வெல்டிங் கடையில் பித்தளைக் குச்சி வாங்கி வந்தேன். அளவு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டேப் என் கையில்தானே இருந்தது. அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மேல்கம்பி, அதைவிட ஒரு விரல் கூடுதலாகக் கீழ்க்கம்பிகள். மழைத்தண்ணீர் இறங்காமல் எம்-சீல் வைத்து அடைத்து, பைப்பில் கட்டி, தொட்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். கேபிளைப் படுக்கையறை ஜன்னல் வழியாக இறக்கினேன். பேசினால்தான் குற்றம், கேட்பது குற்றமில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டமும் எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் செட்டைப் போட்டதும் உன் குரல் வந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் நீ அவரைக் கூப்பிடுவாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பிரஸ் ஷாப்பில் பாதி போன காது இது, போனில் நீ பேசினால் பாதிதான் விளங்கும். செட்டில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. பக்கத்து அறையில் நீ சட்டை போட்டுக்கொண்டே பேசுவது போல இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பையன் பேசறத ஒட்டுக் கேக்கறீங்களா?” என்றாள். கேட்டுவிட்டு அவளும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு தினமும் காபி அங்கேதான். வாரத்துக்கு ஒரு தடவை போனில் எங்களுக்குக் கிடைக்கும் மகன் வேறு, தினமும் காலையில் அவருக்குக் கிடைக்கும் மகன் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் நீ சிரிக்கிறாய். மேனேஜரைத் திட்டுகிறாய். வேலையை விட்டுவிடலாமா என்று யோசனை கேட்கிறாய். எங்களிடம் போனில் ‘சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்று நீ கேட்பாய், ‘ஆச்சு’ என்று நாங்கள் சொல்வோம். அதோடு சரி.

அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. உன் குரல் கம்மியிருப்பதை அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன், சொல்லத்தான் வழியில்லை. அவர் கேட்டார். மூன்று நாளாகக் காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை என்று நீ சொன்னாய். நான் உடனே போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்றேன். “நல்லாத்தான் இருக்கறன்பா, ஆபீஸ் கெளம்பறன்” என்றாய். கம்மிய அதே குரலில். காய்ச்சல் உனக்கு, தெரிந்தது அவருக்கு, நல்லா இருக்கிறாய் என்ற செய்தி எனக்கு. கேட்டுவிட்டேன் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் ஒட்டுக்கேட்டது வெளியே வந்துவிடும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், செட்டில் அவர் உனக்குக் கஞ்சி வைக்கும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கட்டைவிரல் செட்டின் பேசும் பட்டன்மேல் போய் அழுத்தியது. பேச வேண்டும் என்றுதான் போனது, ‘தம்பி’ என்று கூப்பிட வேண்டும் என்று. வாய் வரவில்லை. விரலை எடுக்கவும் மனசு வரவில்லை. அப்புறம் எடுத்தபோது நீ, “அப்பாஜி, யாரோ மேல வர்றாங்க, நீங்க சொன்னது ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தம்பி, இதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அவ்வளவு இனித்தது.

அதன்பின் எத்தனையோ காலை. அவர் வாயைத் திறந்தால் நான் பட்டனை அழுத்துவேன். ஒன்றும் பேச மாட்டேன், சும்மா பிடித்துக்கொண்டிருப்பேன். என் செட்டின் அலை மேலே ஏறி நிற்கும், அவர் குரல் உனக்கு வந்து சேராது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பிறகுதான் உறைத்தது. உன்னை டாக்டரிடம் காட்ட அவர் ஏற்பாடு செய்திருந்தாரே, அன்று காலையில் டாக்டர் மாறிவிட்டார், வேறு ஆஸ்பத்திரிக்கு வா என்று அவர் சொன்னது நான் அழுத்திய நேரத்தில்தான். நீ பழைய இடத்துக்கே போய், விட்டு விட்டு வந்த காய்ச்சலோடு மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். போனில் சார்ஜ் இல்லையாம். மறுநாள் காலையில் நீ அவரிடம் சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. அன்றோடு பட்டனைத் தொடவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க நான் தொட்டுத்தானே ஆக வேண்டும்? அதனால் அதையும் கேட்கவில்லை.

இதற்குள் நீயும் அவரும் உங்கள் ரேடியோ நண்பர்களும் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அவன் யார், எந்த ஊர், எங்கிருந்து அழுத்துகிறான் என்று காலைதோறும் அதே பேச்சு. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அத்திப்பள்ளியிலிருந்து யாகியைத் திருப்பித் திருப்பி எடுத்து வைத்திருந்த திசையையும், அவர் ஆனேக்கல்லிலிருந்து எடுத்த திசையையும் மேப்பில் கோடு போட்டுப் பார்த்தீர்கள். இரண்டு கோடும் நம் தெருவில் வந்து வெட்டிக்கொண்டன. எங்கள் வீடு அந்தப் பக்கம்தான், அப்பாவைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டாய். நம்ம தெருவில் யாராவது புதுசாக ஆன்டெனா வைத்திருக்கிறார்களா, மாடியில் ஏறிப் பாருங்கப்பா என்றாய். நானும் மாடியில் ஏறினேன். நான் கட்டிய ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை, துணி காயப்போடுகிற கம்பிதான் தெரிகிறது என்று சொன்னேன். நீ சிரித்தாய், “பரவால்லப்பா, நான் வந்து பாத்துக்கறன்” என்றாய். எத்தனையோ மாதம் கழித்து, உன் வேலை ஒன்றுக்கு நீ என் உதவியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை உன் மாமனார் வந்தார். உனக்குத் தெரியாமல், ஸ்கூட்டரில், வேப்பனப்பள்ளித் தோட்டத்து மாம்பழம் என்று ஒரு பையோடு. வாசலில் வண்டியை நிறுத்தியவர் உள்ளே வருமுன் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் நேராக மாடிக்குப் போனார், நானும் பின்னால் போனேன். நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார். “பீகரே, சென்னாகிதே. நாலும் ஒரே அளவு. நீங்களே கட்னீங்களா?” என்றார். பீகரே என்றால் சம்பந்தி, சென்னாகிதே என்றால் நன்றாக இருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாகி வைத்தா என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்த ஆளு எம்மேலதான் வந்தான், பீகரே. நம்ம பையன் பேசறப்ப ஒரு நாளும் குறுக்க வரல. அப்பறம் யாகி எதுக்கு?”

நான் தொட்டியின் படியில் உட்கார்ந்தேன். அந்த நிலைமையிலும் ‘நம்ம பையன்’ என்ற வார்த்தை எனக்குக் குத்தியது என்றால் என் யோக்கியதையைப் பார்த்துக்கொள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். செட்டு உன் லைசென்ஸில் வாங்கியது, விஷயம் வெளியே போனால் உன் லைசென்ஸுக்கே ஆபத்து என்று சொன்னார். அதை நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமைக்குள் ஆன்டெனாவை இறக்கிவிடுங்கள், அவனிடம் நான் மூச்சு விட மாட்டேன் என்றார். பரீட்சை எழுதி நீங்களும் லைசென்ஸ் எடுங்கள், பாடமெல்லாம் நானே சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார். காவ்யா தினமும் உன் அம்மாவோடு போனில் சமையலும் சீரியலுமாக ஒரு மணி நேரம் பேசுகிறாளாம், பெற்ற அப்பாவோடு ரெண்டு நிமிஷம்தானாம். காலையில் நீ ஒருத்தன் கூப்பிடுவதால்தான் தன் வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கிறதாம். நான் அழுத்திய நாட்களில் அதுவும் இல்லாமல் போயிற்றாம். குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்கிற மாதிரி சொன்னார். இப்போது அவர்மேல் பரிதாபமும் பட வேண்டியதாகிவிட்டது. பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது, சொல்.

மறுநாள் காலையில் செட்டைப் போட்டேன். அந்தத் தொல்லை ஏதோ ஃபேக்டரி மெஷினிலிருந்து வருகிற சத்தமாக இருக்கும், தேட வேண்டாம் விட்டுவிடலாம் என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். வாழ்நாளில் பொய் ரிப்போர்ட் கொடுக்காதவர் என்று நீ பெருமைப்படுவாயே, அவர் எனக்காகப் பொய் சொன்னார். நீதான் விடவில்லை. கோடு எங்கள் தெருவைத்தான் காட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன் என்றாய். நானும் வருகிறேன் என்று அவர் உடனே சொன்னார். எதற்கு என்று உனக்கு விளங்கியிருக்காது. முன்னால் வந்து என்னைக் காப்பாற்றத்தான்.

ஆனால் நான் ஆன்டெனாவை இறக்கப் போவதில்லை. இறக்கிவிட்டால் இது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் ரகசியமாகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நீ வெளியே. இதுவரை நான் நின்ற இடத்தில் உன்னை நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. தவிர, என் மகனிடம் மறைக்க வேண்டியதை இன்னொருவர் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பதையும் என்னால் பார்க்க முடியாது. உன்னிடம் உண்மை சொல்வதிலாவது அவரை முந்திக்கொள்கிறேன். கோபம் வந்தால் கோபப்படு. பழைய மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்துவிடாதே. செட்டைத் திரும்ப எடுத்துக்கொள். உன் நண்பர்கள் எல்லோரிடமும் என் பேரைச் சொல்ல வேண்டுமென்றால் சொல், நான் தலைகுனிந்து நிற்கிறேன். அவரிடம் மன்னிப்பும் கேட்பேன், அது அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் பரீட்சைக்கு அவரிடம் படிக்க மாட்டேன். எழுதுவதாக இருந்தால் நீதான் சொல்லித்தர வேண்டும். டேப்பின் முனையை மட்டும் கொடுத்து என்னை உட்கார வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு காரியம் செய், தம்பி. தனியாக வா. ஏன் நானும் வரக்கூடாது என்று அவர் கேட்பார். எனக்கு எத்தனையோ தடவை சொன்னாயே, ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்று. அப்படி ஒரு பொய்யை ஒரே ஒரு தடவை அவரிடம் சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா